வசனத்தைக் குறைத்தும் காட்சி ஏன் பேசவில்லை?

குறும்படம் எடுக்கும் ஒருவரின் கேள்வி இது: "'சொல்லாதே, காட்டு' என்கிறார்கள். நானும் வசனத்தை முக்கால்வாசி வெட்டிவிட்டேன். இப்போது என் படத்தில் ஆட்கள் ஜன்னல் ஓரம் நின்று வெறித்துப் பார்க்கிறார்கள். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் கதையை எப்படி நகர்த்துவது?"

வசனத்தை வெட்டினீர்கள், ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை வேறு எதனிடமும் ஒப்படைக்கவில்லை. அதனால்தான் காட்சி காலியாக நிற்கிறது. ஜன்னலை வெறிப்பது, மெதுவாக நடப்பது, சிகரெட் பற்றவைப்பது, தண்ணீரில் கல் எறிவது எல்லாம் அசைவுகள். கதையை நகர்த்தும் செயலுக்கு மூன்று வேண்டும்: ஒருவருக்கு ஏதோ தேவைப்படுகிறது, அதற்குக் குறுக்கே ஒரு தடை நிற்கிறது, அந்தத் தடைக்கு முன்னால் அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பார்வையாளருக்கு ஆள்தான் தெரிவார், கதை தெரியாது.

இதற்கான வேலை ஸ்கிரிப்ட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்கிரிப்ட்டை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் இந்த மாதிரி வினைச்சொற்களை வட்டமிடுங்கள்: நினைக்கிறான், உணர்கிறாள், நினைவுக்கு வருகிறது, புரிந்துகொள்கிறான், மனம் உடைகிறது, முடிவெடுக்கிறாள். இவற்றில் எதையும் கேமராவால் எடுக்க முடியாது. 'முடிவெடுக்கிறாள்' என்று எழுதிவிட்டு நடிகையிடம் போனால் அவரும் வேறு வழியில்லாமல் ஜன்னலைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி: இந்த மனநிலையில் இருப்பவர், இந்த அறையில், கைக்கெட்டும் பொருளை வைத்து என்ன செய்வார்?

ஒரு காட்சியை எடுத்து முழுசாகச் செய்து பார்ப்போம். வாட்ச் பழுதுபார்க்கும் கடை. அப்பாவும் மகனும் அங்கே வேலை செய்கிறார்கள். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, மறைக்கிறார். மகன் கண்டுபிடித்துவிடுகிறான், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் உதவுகிறான். வழக்கமாக இதை இப்படி எழுதுவோம்:

"அப்பா, உங்க கை நடுங்குது. எத்தனை நாளா இப்படி?"

"இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடா. முப்பது வருஷமா செஞ்ச தொழில்..."

தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மறைக்கிற மனிதர் என்று நாம் உருவாக்கிய அப்பா, முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விளக்கம் சொல்லும் வசனம் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். பார்வையாளருக்குச் சலிப்பூட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அது பாத்திரத்தின் குணத்தையே உடைத்துவிடுகிறது.

இப்போது செயலாக எழுதுவோம்.

காலை. கடையில் இருப்பது ஒரே ஒரு மேஜை விளக்கு, அது அப்பாவின் மேஜையில். பக்கத்து மேஜையில் மகன் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு வாட்ச்சுக்கு ஸ்ட்ராப் மாற்றிக்கொண்டிருக்கிறான். சுவர் நாட்காட்டியில் 15. எதிரே வாடிக்கையாளர். அப்பா சாமணத்தால் ஒரு சின்னத் திருகைத் தூக்குகிறார். திருகு நழுவி மேஜையில் விழுகிறது. சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடுகிறார். மகனின் முதுகைப் பார்க்கிறார். அவன் திரும்பவில்லை. "கொஞ்சம் வேலை இருக்கு சார். பதினெட்டாம் தேதி வாங்க." சீட்டில் 18 என்று எழுதி, வாட்ச்சில் கட்டி, இழுப்பறைக்குள் போட்டுப் பட்டென்று சாத்துகிறார்.

மதியம், அப்பா வெளியே போயிருக்கிறார். மகன் ஒரு திருப்புளியைத் தேடி அந்த இழுப்பறையை இழுக்கிறான். ஏழு வாட்ச்கள். சீட்டுகளில் 2, 5, 9, 11... ஒன்றைத் தவிர எல்லாம் கடந்துபோன தேதிகள். வாசலில் செருப்புச் சத்தம். மகன் இழுப்பறையைச் சத்தமே வராமல் தள்ளி மூடிவிட்டு, ஸ்ட்ராப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறான்.

இரவு. மகன் அப்பாவின் நாற்காலியில், ஏனென்றால் விளக்கு அங்கேதான் இருக்கிறது. அதன் கழுத்தைத் தன் வசதிக்குத் தாழ்த்துகிறான். முதல் வாட்ச்சைத் திறக்கிறான்.

மறுநாள் காலை. அப்பா வந்து உட்கார்கிறார். விளக்கு தாழ்ந்திருக்கிறது. சரிசெய்யப் போன கை பாதியில் நிற்கிறது. இழுப்பறையைத் திறக்கிறார். உள்ளே ஏழு வாட்ச்களும் ஓடுகின்றன. மகனின் முதுகைப் பார்க்கிறார். அவன் திரும்பவில்லை. அப்பா விளக்கின் கழுத்தை மகனின் மேஜைப் பக்கம் திருப்பிவிடுகிறார். இழுப்பறை திறந்தே கிடக்கிறது.

முழுக் காட்சியிலும் பேசியது ஒரே ஒருவர், அதுவும் ஒரு பொய். கவனிக்க வேண்டிய இடம் அது. வசனத்தை ஒழிப்பது நம் நோக்கமே இல்லை. படம் உண்மையைச் சொல்லும்போது வாய் வேறொன்றைச் சொன்னால், அந்த வசனமும் செயலாகிவிடுகிறது.

இங்கே எந்தெந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தால், இழுப்பறைதான் காட்சியின் முதுகெலும்பு. மூன்று முறை வருகிறது: அப்பா பட்டென்று மூடுகிறார், மகன் சத்தமில்லாமல் மூடுகிறான், அப்பா மூடாமல் விடுகிறார். ஒரே செயல் சிறு மாற்றத்தோடு திரும்பி வரும்போது, அந்த மாற்றத்தில் இருக்கும் அர்த்தத்தைப் பார்வையாளர் தானாகவே படித்துவிடுவார். ஒரே ஒரு முறை வரும் பொருளுக்கு இந்தச் சக்தி கிடையாது. அதனால் முக்கியமான பொருளை, அது முக்கியமாவதற்கு முன்பே, சாதாரணமாக ஒருமுறை காட்டிவிட வேண்டும். அந்த முதல் தடவை க்ளோசப் வேண்டாம். வைட் ஷாட்டில், வேறு வேலைக்கு நடுவே போகட்டும். க்ளோசப்பில் காட்டினால் 'இதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று நீங்களே விளக்கிவிட்டதாகிவிடும்.

விளக்கு குறியீடு இல்லையா என்று கேட்கலாம். அந்த வேலைக்கு வெளிச்சம் தேவை, கடையில் ஒரு விளக்குதான் இருக்கிறது, அதனால் அதைத் திருப்பினால் ஒருவருக்கு வேலை நடக்கும், மற்றவருக்கு நடக்காது. பொருளுக்குக் கதைக்குள் நிஜமான பயன் இருக்கும்வரை அது செயலின் பகுதி. கூண்டைத் திறந்து பறவையைப் பறக்கவிடும் ஷாட், வாடிய பூவின் ஷாட் போன்றவற்றுக்குக் கதைக்குள் எந்த வேலையும் இல்லை. அவை படமாக எடுக்கப்பட்ட விளக்கவுரை, வசனத்தைவிட ஒருபடி மோசம்.

தேதிகளை எண்ணாக வைத்ததும் காரணத்தோடுதான். திரையில் எழுத்தைவிட எண்ணை வேகமாகப் படிக்கலாம். எந்த எழுத்தானாலும் அதை வாய்விட்டு இரண்டு முறை வாசிக்க ஆகும் நேரம் ஷாட்டில் இருக்க வேண்டும். சீட்டுகள் உள்ள இன்செர்ட்டுக்கு (ஒரு பொருளை மட்டும் அருகில் காட்டும் துண்டு ஷாட்) 3 நொடி, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 72 ஃபிரேம், போதும். நாட்காட்டியில் 15 முன்பே பதிந்திருக்காவிட்டால் எத்தனை நொடி வைத்தாலும் பயனில்லை. இரண்டு தகவலைப் பார்வையாளர் கையில் கொடுத்து மூன்றாவதை அவரே கண்டுபிடிக்க விடுகிறோம். முதலிரண்டில் ஒன்று மங்கலாக இருந்தால் கூட்டல் நடக்காது.

தகவலைச் செயலாக மாற்றும் வேலை எவ்வளவு கடினம் என்பதற்குச் சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' நல்ல சான்று. பேசும் படங்கள் பரவிவிட்ட 1931-இல் வந்தும் வசனம் பேசாத படம் அது. பூ விற்கும் பார்வையற்ற பெண், எதிரே நிற்கும் ஏழையைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். யாரும் சொல்லவும் கூடாது, அவளால் பார்க்கவும் முடியாது. இதற்கு விடை கிடைக்கும்வரை சாப்ளின் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கடைசியில் கிடைத்த விடை ஒரு கார் கதவு. சாலையில் நெரிசல், அங்கே நின்றிருக்கும் ஒரு காரின் கதவைத் திறந்து அவன் உள்ளே நுழைந்து மறுபக்கம் நடைபாதையில் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தத்தில் அவள் திரும்பிப் பூவை நீட்டுகிறாள். பிறகு காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிப் போகும்போது, வாங்கியவர் மீதிக் காசைக்கூட வாங்காமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறாள். ஒரு கதவு இரண்டு முறை சாத்தப்படுவதில் முழுப் படத்துக்கான தவறான புரிதலும் உட்கார்ந்துவிட்டது.

இனி நடிப்பு. கை நடுங்குவதை நடிக்கச் சொன்னால் பெரும்பாலும் பொய்யாகத் தெரியும், கை அகலமாக ஆடும். நடுக்கத்தை அடக்க முயல்வதை நடிக்கச் சொல்லுங்கள்: முழங்கையை மேஜையில் அழுத்திக்கொள்வது, மூச்சைப் பிடித்துக்கொள்வது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிப்பது. மறைக்கிறவரைத்தான் பார்வையாளர் உற்றுப் பார்ப்பார். பொதுவாகவே நடிகருக்கு 'சோகமாக இரு' என்று மனநிலையைச் சொல்லாதீர்கள். 'அவன் திரும்புவதற்குள் திருகை மறைத்துவிடு' என்று வேலையைச் சொல்லுங்கள். வேலை சொன்னால் முகம் தானாக வந்துவிடும்.

கேமரா விஷயத்தில், கை நடுங்கித் திருகு நழுவும் ஷாட்டுக்கு ட்ரைபாட் கட்டாயம். கையில் பிடித்து எடுத்தால் ஆடுவது கையா கேமராவா என்று தெரியாது, காட்சியின் ஒரே ஆதாரம் போய்விடும். திருகு போன்ற சின்னப் பொருளுக்கு மேக்ரோ லென்ஸில் அவ்வளவு அருகே போகும்போது ஃபோகஸ் தெளிவு சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும். அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) எஃப் 8 அல்லது 11 வரை மூடி, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். திருகு விழும் இடத்தைக் குறித்துவைத்து, சாமணத்துக்கும் அந்தக் குறிக்கும் நடுவே ஃபோகஸை நிறுத்துங்கள்.

எடிட்டில் முக்கியமானது, பார்வையையும் பொருளையும் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது. ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: நடிகர் மொஸ்யூகினின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். நம் காட்சியில் அப்பா மகனின் முதுகைப் பார்ப்பது இரண்டு முறை வருகிறது, இரண்டும் ஒரே கோணம், ஒரே அளவு. முதல் முறை 'பார்த்துவிடாதே' என்கிறது, இரண்டாவது முறை 'பார்த்துவிட்டாயா' என்கிறது. முகத்தில் எந்த வித்தியாசமும் வேண்டாம், முன்னால் வந்த ஷாட்டே வேலையைச் செய்யும். ஆகவே இரண்டு முறையும் ஒரே கேமரா நிலையில், முடிந்தால் ஒரே செட்டப்பில் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். கோணம் மாறினால் ஒப்பிட முடியாது.

இழுப்பறையை மகன் திறக்கும்போது முகம் முதலிலா, சீட்டுகள் முதலிலா? முகத்தை முதலில் வைத்தால் 'என்ன பார்த்தான்?' என்ற ஆர்வம் பிறக்கும். சீட்டுகளை முதலில் வைத்தால் பார்வையாளர் அவனோடு சேர்ந்து கண்டுபிடிப்பார். இங்கே இரண்டாவதுதான் சரி. மகனின் தோளும் ஃபிரேமில் தெரிய, அவனுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஒரு சஜஷன் ஷாட், அதில் இழுப்பறை திறக்கட்டும். பிறகு சீட்டுகளின் இன்செர்ட். பிறகு முகம், ஒன்றரை நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு மூடும் கை. அந்தக் கைதான் அவனுடைய முடிவு, அதற்கு நேரம் கொடுங்கள். புதிதாக எடிட் செய்கிறவர்கள் முகத்தில் ஐந்து நொடி தங்கிவிட்டுக் கையை அவசரமாக வெட்டிவிடுவார்கள். கண் கலங்குவது வரை காத்திருந்தால் அதே தகவலை இரண்டாம் முறை சொல்கிறோம்.

ஒலியும் செயல்தான். மதியம் இழுப்பறை திறக்கும்போது உள்ளே நிசப்தம், மறுநாள் காலை திறக்கும்போது சத்தம். வாட்ச்களைக் காட்டுவதற்கு அரை நொடி முன்பே சத்தத்தை வரவிடுங்கள், பார்வையாளருக்குக் கண்ணுக்கு முன்னால் காது புரிந்துகொள்ளும். நொடிக்கு ஒன்று என்று கேட்கும் 'டிக்... டிக்' சுவர்க்கடிகார ஒலியை இங்கே ஒட்டிவிடாதீர்கள். சாவி கொடுக்கும் மெக்கானிக்கல் வாட்ச்கள் பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 8 முறை அடிக்கும், மெல்லிய சரசரப்புபோல. ஏழு சேர்ந்தால் ஒரு சின்னப் பூச்சிக்கூட்டம். அமைதியான அறையில் மைக்கை மிக அருகே வைத்துத் தனியாகப் பதிவுசெய்து, ஏழு தடங்களையும் சற்று முன்பின்னாக நகர்த்தி அடுக்குங்கள். கடையின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் ஒலியை, ஒரு நிமிடம் பதிவுசெய்யாமல் இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டாம். நிசப்தம் நிசப்தமாகக் கேட்க அது தேவை. இந்த இடத்தில் பின்னணி இசையை ஏற்றினால் கதை சொல்லும் ஒரே ஒலி அடியில் போய்விடும். வயலின் வந்தால் அது 'அழு' என்று சொல்லும் வசனம்தான்.

வசனத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வேறு உருவத்தில் விளக்கத்தை உள்ளே விடுவதும் அடிக்கடி நடக்கும். டிவி செய்தி, கேமரா வரிசையாக நகர்ந்து காட்டும் குடும்பப் போட்டோக்கள், ஸ்பீக்கரில் பேசும் போன், கண்ணாடியைப் பார்த்துத் தனியே பேசுவது, பாட்டியின் கடிதம். இவற்றில் பாத்திரம் எதையும் செய்வதில்லை, தகவல் மட்டும் இறங்குகிறது. அந்தப் போட்டோவை ஒருவர் விருந்தாளி வருவதற்கு முன் கழற்றி ஒளித்தால் அது வேறு கதை.

மறுபக்கத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் மறைப்பது. இவர்கள் அப்பா மகனா, முதலாளி வேலையாளா என்பதே தெரியாமல் பார்வையாளர் தவித்தால், நடுக்கத்தைக் கவனிக்க அவருக்கு மனம் இருக்காது. யார், எங்கே, என்ன வேண்டும் என்ற மூன்றும் முதல் நிமிடத்திலேயே தெளிவாக வேண்டும். இங்கே வாசலில் வரும் வாடிக்கையாளர் "அப்பா இல்லையா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் உறவு தெரிந்துவிடும். அதைப் படத்தால் காட்ட இரண்டு நிமிடம் செலவிடுவது வீண். உறவுமுறை, பெயர், தொகை, காலக்கெடு, சட்டச் சிக்கல் போன்றவற்றுக்கு வசனமே சுருக்கமான வழி. பயம், அன்பு, வெட்கம், குற்றவுணர்ச்சி, முடிவு, இவற்றைத்தான் செயலுக்கு விட வேண்டும்.

எடிட் முடிந்ததும் சோதனை. ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, கதை தெரியாத ஐந்து பேருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். 'பிடித்ததா?' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். மகன் இழுப்பறையை மூடிய இடத்தில் நிறுத்தி, 'இனி என்ன செய்வான்?' என்று கேளுங்கள். ஒருவர் தடுமாறினால் விட்டுவிடலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே ஒரு ஷாட் இல்லை, அல்லது இருந்தும் படிக்க நேரம் போதவில்லை. நம் காட்சியில் உடைய வாய்ப்புள்ள இடம் நாட்காட்டி. அது சிக்கலானால் வசனம் சேர்க்காமல், மகன் சீட்டைப் பார்த்துவிட்டு நாட்காட்டிப் பக்கம் திரும்பும் ஒரு ஷாட்டைச் சேர்த்தால் சரியாகிவிடும். இந்தச் சோதனையில் ஏழு வாட்ச்களின் ஒலி கேட்காது என்பதால், கடைசிப் பகுதியை மட்டும் ஒலியோடு தனியாகப் போட்டுக் கேளுங்கள்.

அந்த ஷாட் கையில் இருக்க வேண்டுமே என்பதுதான் நடைமுறையில் பெரிய பிரச்சினை. இன்செர்ட்களை எல்லோரும் நாளின் கடைசி மணிக்குத் தள்ளுவார்கள், வெளிச்சம் போய்விடும், 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று பெட்டியைக் கட்டிவிடுவார்கள். எடிட்டில் அந்த ஓட்டையை மூட வாய்ஸ் ஓவர் வரும். படங்களில் காணும் விளக்க வசனத்தில் கணிசமான பகுதி எழுத்தில் பிறந்ததே இல்லை, எடுக்காமல் விட்ட இன்செர்ட்டிலிருந்து பிறந்தது. ஆகவே ஷாட் லிஸ்டில் இன்செர்ட்களைத் தனிப் பட்டியலாகப் பின்னால் வைக்காதீர்கள். ஒவ்வொரு இன்செர்ட்டையும் அது சேர வேண்டிய ஷாட்டுக்குக் கீழேயே எழுதி, அதே வெளிச்சம் இருக்கும்போதே எடுங்கள். கை அந்த நடிகருடைய கையாகவே இருக்கட்டும், உதவி இயக்குநரின் கை வேண்டாம். நகமும் சட்டை விளிம்பும் காட்டிக்கொடுத்துவிடும். செயல் தொடங்குவதற்கு முன் மூன்று நொடி, முடிந்தபின் ஐந்து நொடி ஓடவிடுங்கள். தேதிச் சீட்டுகளில் இரண்டு செட் எழுதி, இழுப்பறைக்குள் எந்த வாட்ச் எங்கே கிடந்தது என்று ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அதே ஏழும் அதே இடத்தில் இருந்தால்தான், மாறியிருப்பது அவற்றின் ஓட்டம் மட்டும் என்பது பார்வையாளருக்குத் தெரியும்.